பரம்பரைச் சர்க்கரையும் ஆடும் பல்லும்: மரபணுவின் பங்கு எவ்வளவு?

கேள்வி இது: "எனக்கு 33 வயது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நாற்பது வயதுக்கு முன்பே சர்க்கரை நோய் வந்துவிட்டது. ஐம்பதைத் தாண்டுவதற்குள் இருவருக்கும் பல் ஆடி ஒவ்வொன்றாக விழுந்தது. எனக்கு இப்போது பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. இரண்டு நோய்க்கும் ஒரே மரபணுதான் காரணமா? எச்சிலை அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்கிறார்களாமே, அதைச் செய்து பார்க்கலாமா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நோய்களையும் சேர்த்துக் கொண்டுவரும் தனி மரபணு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. இரண்டிலும் பரம்பரைக்குத் தனித்தனியாகப் பங்கு உண்டு. சில இடங்களில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. ஆனால் உங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பல் போனதற்கு, ஆண்டுக்கணக்கில் ஏறியிருந்த சர்க்கரையே ஈறைக் கெடுத்திருக்கத்தான் அதிக வாய்ப்பு. மரபணுப் பரிசோதனை வேண்டாம். அந்தப் பணத்தில் செய்ய வேண்டிய வேறு இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது விரிவாகப் பார்ப்போம். ஈறு நோயில் இரண்டு கட்டங்கள் உண்டு. பல்லோரத்தில் படியும் அழுக்குப் படலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் ரத்தம் கசிவது முதல் கட்டம். ஒழுங்காகச் சுத்தம் செய்தால் இது முழுக்கச் சரியாகிவிடும். சிலருக்கு அது அங்கே நிற்காமல் உள்ளே இறங்கி, பல்லைத் தாங்கும் தசைநாரையும் எலும்பையும் கரைக்கத் தொடங்குகிறது. இதைத்தான் பெரியோடான்டைட்டிஸ் என்கிறோம். பல் ஆடுவது இதனால். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. உங்களுக்கு இருப்பது எந்தக் கட்டம் என்பதை ரத்தக் கசிவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அப்பாவுக்கு இருந்தது இரண்டாவது கட்டம்.

அழுக்கு எல்லோர் வாயிலும் இருக்கிறது. எலும்பு மட்டும் ஏன் சிலருக்குக் கரைகிறது? இந்தக் கேள்விக்கு உலகம் பெற்ற மிகத் தெளிவான பதில்களில் ஒன்று, நம் தமிழர்களின் வாயிலிருந்து கிடைத்தது. நார்வே நாட்டுப் பல் மருத்துவ அறிஞர் ஹரால்ட் லோவின் குழு 1970-ல் இலங்கை மலையகத்துக்கு வந்தது. அங்கே தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த 480 தமிழ் ஆண்களின் ஈறுகளை அளந்து பதிவு செய்தது. வழக்கமான பல் சுத்தப் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ எட்டாத மக்கள் அவர்கள். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். 1986-ல் முடிவுகள் வெளிவந்தன.

ஏறத்தாழ எல்லோருடைய பல்லிலும் அழுக்கும், அது இறுகிக் கெட்டியான காரையும் அப்பியிருந்தன. எல்லோருக்கும் ஈறு வீங்கியிருந்தது. ஆனால் நோயின் போக்கு ஆளுக்கு ஆள் மாறியது. 8 சதவீதத்தினருக்கு நோய் வெகுவேகமாகப் பரவி, 45 வயதில் வாயில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை. 81 சதவீதத்தினருக்கு நடுத்தர வேகம். அதே 45 வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயிருந்தன. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு எல்லாம் நின்றுவிட்டது. எலும்பு கரையவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு இழப்பு மிகக் குறைவு. ஒரே தோட்டம், ஒரே லயன் (தோட்டத்து வரிசைவீடு) வாழ்க்கை, ஏறத்தாழ ஒரே சாப்பாடு, ஒரே அளவு அழுக்கு. அப்படியும் ஒருவர் பல்லை முழுக்க இழக்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் முழுப் பல்வரிசையோடு இருக்கிறார்.

இந்த ஆய்வை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான்கு வரிகளில் கடந்துவிடுகிறார்கள். சிகிச்சை எட்டாத ஏழைத் தொழிலாளர்கள் பதினைந்து ஆண்டுகள் பல்லை இழந்துகொண்டே இருந்ததைப் பார்த்துக் கற்ற பாடம் இது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பாடம், பாக்டீரியாவுக்கு உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதில் மனிதர்களுக்குள் பெரிய வேறுபாடு இருக்கிறது என்பது. அந்த வேறுபாட்டுக்குப் பரம்பரை காரணமா என்பதைத் தேயிலைத் தோட்ட ஆய்வால் சொல்ல முடியாது. அதற்கு இரட்டையர்களிடம் போனார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மைக்கலோவிச் என்ற ஆய்வாளரின் குழு, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களையும் தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையர்களையும் ஒப்பிட்டது. 2000-ல் 117 ஜோடிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், எலும்பைக் கரைக்கும் ஈறு நோயில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதியைப் பரம்பரையால் விளக்கலாம் என்று கண்டார்கள். ஈறு வீக்கம், ரத்தக் கசிவு என்னும் முதல் கட்டத்தில் பரம்பரையின் பங்கு ஏதும் தென்படவில்லை. அது பல் துலக்கும் பழக்கத்தைப் பொறுத்தது. பின்னர் வந்த தொகுப்பாய்வுகள் பாதி என்ற கணக்கைக் கொஞ்சம் குறைத்து, இரட்டையர் ஆய்வுகளில் 38 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்தன. இளவயதிலேயே வேகமாக வரும் வகையில் பரம்பரையின் பங்கு கூடுதல்.

இங்கே ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 'பாதி பரம்பரை' என்றால் உங்களுக்கு நோய் வர பாதி வாய்ப்பு என்று பொருள் அல்ல. ஒரு மக்கள் கூட்டத்தில் காணப்படும் வேறுபாட்டில் பாதியை மரபணு வேறுபாடு விளக்குகிறது என்பது மட்டுமே அதன் பொருள். தனி ஒரு மனிதரின் பல்லைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது.

சர்க்கரைப் பக்கம் வந்தால் கதை இன்னும் முன்னேறியிருக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் மிக வலுவாகத் தெரியும் பொதுவான மரபணு டிசிஎஃப்7எல்2. ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2006-ல் அதை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே புனேயிலும் சென்னையிலும் நம் மக்களிடம் அது உறுதியானது. அந்த வலுவான மரபணுவின் ஆபத்தான வடிவம் ஒரு பிரதி இருந்தால்கூட நோய்க்கான வாய்ப்பு சுமார் 1.4 மடங்குதான் கூடுகிறது. 2024-ல் 25 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தரவை அலசிய ஆய்வு, சர்க்கரை நோயோடு தொடர்புள்ள 611 மரபணுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. ஒவ்வொன்றும் தள்ளும் அளவு சின்னது. நூற்றுக்கணக்கானவை சேர்ந்துதான் ஒருவரைச் சாய்க்கின்றன.

ஈறு நோய்க்கோ உறுதியாகச் சொல்லக்கூடிய பகுதிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கிருமியை விழுங்கும் வெள்ளையணுக்களின் வேலையோடு தொடர்புள்ள சிக்லெக்-5, டிஇஎஃப்ஏ1ஏ3 என்ற இரண்டும் 2017-ல் தெரியவந்தன. 2019-ல் பல நாட்டுக் குழுக்கள் சேர்ந்து செய்த மிகப் பெரிய பல் மரபணு ஆய்வில், சொத்தைப் பல்லுக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் கிடைத்தன. ஈறு நோயில் அறுவடை சொற்பம். காரணம் நோயைக் கண்டறியும் முறையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. சர்க்கரையை ஒரு சொட்டு ரத்தத்தில் அளந்துவிடலாம். ஈறு நோயை அளக்க ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் மெல்லிய அளவுகோலை இறக்கிப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கானவர்களுக்கு அதைச் செய்ய ஆளும் இல்லை, நேரமும் இல்லை. எனவே 'உங்கள் பல் ஆடுகிறதா, கட்டுப்பல் வைத்திருக்கிறீர்களா' என்று கேட்டுப் பெற்ற பதிலை நம்பிப் பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். பல் ஆடுவதற்கும் விழுவதற்கும் நூறு காரணங்கள் இருக்கலாம். தரவு கலங்கலாக இருந்தால் மரபணு தெளிவாகத் தெரியாது.

இரண்டு பட்டியல்களும் எங்கே சந்திக்கின்றன என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். மிகவும் பேசப்பட்ட இடம் ஒன்பதாவது குரோமோசோமில் 9பி21 என்று குறிக்கப்படும் பகுதி. 2007-ல் மாரடைப்போடும் இரண்டாம் வகைச் சர்க்கரையோடும் இதற்குத் தொடர்பு இருப்பது அடுத்தடுத்து வெளிவந்தது. 2009-ல் ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள், இளவயதில் வேகமாக வரும் ஈறு நோயும் அதே பகுதியோடு தொடர்புள்ளது என்று கண்டார்கள். உடனே 'சர்க்கரைக்கும் ஈறுக்கும் பொதுவான மரபணு கிடைத்துவிட்டது' என்று பலர் எழுதினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் அவ்வளவு நேரடியாக இல்லை. ஈறு நோயின் அடையாளம் மாரடைப்பின் அடையாளத்தோடு ஒன்றாக விழுகிறது. சர்க்கரையின் அடையாளம் அதற்குப் பக்கத்தில், தனித் துண்டில் இருக்கிறது. ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

இருந்தாலும் அந்தத் தெரு சும்மா இல்லை. அங்கே ஆன்ரில் என்ற ஒரு ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல், உருவாகிறது. அது புரதம் எதையும் செய்வதில்லை. மற்ற மரபணுக்களை அடக்கவும் எழுப்பவும் செய்கிறது. 2013-ல், ஆன்ரிலின் ஒரு வடிவத்தைக் குறைத்தபோது அடிபோநெக்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணுவின் செயல்பாடு மாறியதாக அதே ஆய்வாளர் வட்டம் காட்டியது. அடிபோநெக்டின், கொழுப்புத் திசுவில் சுரந்து இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் ஹார்மோன்; அழற்சியையும் தணிக்கும். ஆக, சர்க்கரையைக் கையாளும் முறையும் அழற்சியைக் கையாளும் முறையும் ஒரே இடத்தில் பின்னிக்கிடக்கின்றன என்று சொல்ல உயிரியல் அடிப்படை இருக்கிறது. அதற்கு மேல் இழுக்க இன்று ஆதாரம் போதாது.

முதல் வகைச் சர்க்கரையில் ஆறாவது குரோமோசோமில் உள்ள, நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள எச்எல்ஏ மரபணுக்கள் பெரிய பங்கு வகிக்கின்றன. அதே எச்எல்ஏ வடிவங்களை ஈறு நோயிலும் தேடினார்கள். ஒரு ஆய்வில் இருந்தது அடுத்த ஆய்வில் இல்லாமல் போனது. அதை விட்டுவிடலாம்.

அடுத்தது நீங்கள் கேட்ட பரிசோதனைக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். இன்டர்லியூக்கின்-1 என்பது அழற்சியைத் தூண்டிவிடும் ஒரு புரதம். 1997-ல் கார்ன்மன் என்ற ஆய்வாளரின் குழு, இந்தப் புரதத்துக்கான மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட சேர்க்கை உள்ளவர்களில், புகை பிடிக்காதவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் அதிகம் இருப்பதாக அறிவித்தது. வெகு விரைவில் அது ஒரு வணிகப் பரிசோதனையாக விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாகவே இருக்கின்றன. 2000-ல் சீன வம்சாவளியினரிடம் பார்த்தபோது, அந்தச் சேர்க்கை 2.3 சதவீதத்தினரிடம்தான் இருந்தது. சீனர்களுக்கோ ஈறு நோய் ஏராளம். ஐரோப்பிய மக்களில் கண்டெடுத்த ஒரு அடையாளம் மற்ற மக்களுக்கு எவ்வளவு குறைவாகப் பொருந்தலாம் என்பதற்கு இது ஒன்றே போதும். பெரிய மரபணு ஆய்வுகளிலும் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினர்தான். அந்த எண்களை வைத்து ஒரு தமிழரின் பல்லுக்கு ஜோசியம் சொல்லும் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் இன்டர்லியூக்கின்-1 கதை அத்தோடு முடியவில்லை. அந்த மரபணுவின் வடிவம் ஆளுக்கு ஆள் எப்படி மாறினாலும், அந்தப் புரதம் எல்லோர் உடம்பிலும் வேலை செய்கிறது. ஈறில் அது எலும்பைக் கரைக்கும் அணுக்களை எழுப்புகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா அணுக்களையும் அதுவே காயப்படுத்துகிறது. 2007-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 70 பேரில் ஒரு பகுதியினருக்கு, இந்தப் புரதத்தைத் தடுக்கும் அனகின்ரா என்ற மருந்தை 13 வாரம் கொடுத்தார்கள். மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களோடு ஒப்பிட, அவர்களின் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த அளவு) 0.46 புள்ளி குறைவாக இருந்தது. அழற்சியை அடக்கியதும் சர்க்கரை இறங்கியது. இரண்டு நோய்களுக்கும் நடுவே இருக்கும் பாலத்தை இந்த மாதிரிப் பொதுவான பாதைகளில்தான் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி அரிசோனாவுக்குப் போவோம். கீலா நதிக்கரையில் வாழும் பீமா பழங்குடியினர், தங்களை ஆக்கிமெல் ஓஓதம் என்று அழைத்துக்கொள்பவர்கள். நதிநீரில் விவசாயம் செய்து வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்பகுதிக் குடியேறிகள் நதியைத் திருப்பிக்கொண்டதும் அவர்களின் வயல் காய்ந்தது, உணவு மாறியது. உலகிலேயே மிக அதிகமாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் பதிவான மக்களில் அவர்களும் அடக்கம். 1965 முதல் அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் அவர்களிடையே நீண்ட ஆய்வு நடத்தியது. அதோடு சேர்த்துப் பல் பரிசோதனையும் நடந்தது.

ஏறத்தாழ ஒரே மரபணுப் பின்னணி கொண்ட ஒரு சமூகம் அது. அந்தச் சமூகத்துக்குள்ளேயே, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஈறு நோய் புதிதாக வரும் வேகம், இல்லாதவர்களைவிட 2.6 மடங்கு என்று 1990-ல் வெளியான ஆய்வு சொன்னது. தேயிலைத் தோட்ட ஆய்வை நடத்திய லோ 1993-ல், கண், சிறுநீரகம், நரம்பு, பெரிய ரத்தக்குழாய், ஆறாத புண் என்ற வரிசைக்கு அடுத்து ஈறு நோயைச் சர்க்கரையின் ஆறாவது பின்விளைவு என்று எழுதியதற்கு, இந்தப் பீமா தரவுகளே முக்கிய அடித்தளம். 2005-ல் அதே மக்களிடம் இன்னொரு முடிவு கிடைத்தது: சர்க்கரையும் கடுமையான ஈறு நோயும் சேர்ந்திருந்தவர்கள் இதய நோயாலும் சர்க்கரையால் வரும் சிறுநீரகச் செயலிழப்பாலும் இறந்த விகிதம், ஈறு நோய் இல்லாமலோ லேசாகவோ மிதமாகவோ இருந்தவர்களைவிட 3.2 மடங்கு.

பீமா மக்களைப் பற்றி எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சொனோரா மலைப்பகுதியில் மைக்கோபா என்ற ஊரில் இவர்களின் உறவினர்கள் வாழ்கிறார்கள். மரபணு அளவில் நெருக்கமானவர்கள். வயலில் உடம்பு வணங்கி உழைப்பவர்கள். 2006-ல் வெளிவந்த ஒப்பீட்டில், அரிசோனா பீமாக்களில் சர்க்கரை நோய் 38 சதவீதம், மெக்சிகோ பீமாக்களில் 6.9 சதவீதம். ஒரே வம்சம், ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். மலையகத் தோட்டத்தில் வாழ்க்கை ஒன்றாக இருந்தும் பல் இழப்பு வேறுபட்டது. இங்கே வம்சம் ஒன்றாக இருந்தும் சர்க்கரை வேறுபடுகிறது. உங்கள் கேள்விக்கு இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஏறிய சர்க்கரை ஈறை எப்படிக் கெடுக்கிறது? நீண்ட நாள் சர்க்கரை அதிகமாக இருந்தால், அது உடம்பின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்க வைக்கிறது. ஈறின் கொலாஜனும் அதில் அடக்கம். இப்படிச் சர்க்கரை ஒட்டிய புரதங்களைப் பிடித்துக்கொள்ள அணுக்களின் மேல் ரேஜ் என்ற ஏற்பி இருக்கிறது. அது பிடித்தவுடன் அழற்சிச் சமிக்ஞை கிளம்புகிறது. 2000-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சர்க்கரை நோய் உள்ள எலிகளின் வாயில் ஈறு நோய்க் கிருமியைப் புகுத்திவிட்டு அந்த ஏற்பியைத் தடுத்துப் பார்த்தார்கள். ரத்தச் சர்க்கரை இறங்கவே இல்லை. ஆனாலும் எலும்புக் கரைவு குறைந்தது. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களின் வெள்ளையணுக்கள், ஈறு நோய்க் கிருமியின் நச்சைச் சந்தித்ததும் மற்றவர்களைவிடப் பல மடங்கு அழற்சிப் புரதத்தைக் கக்குகின்றன என்பது 1997-லேயே தெரிந்தது. கிருமியின் வேலையைவிட, கிருமியை விரட்டப் புறப்பட்ட உடம்பின் வேலைதான் எலும்பைக் கரைக்கிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது: ஈறு நோய் சர்க்கரையைக் கெடுக்கிறது. நாள்பட்ட ஈறு நோயில் பற்களைச் சுற்றி உள்ளே புண்ணான பரப்பு கணிசமானது. அங்கிருந்து பாக்டீரியாவும் அழற்சிப் புரதங்களும் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்றவை இன்சுலினின் வேலைக்குக் குறுக்கே நிற்கின்றன. அப்பாவுக்கு முதலில் வந்தது எது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று மற்றொன்றை வளர்த்திருக்கும்.

மரபணுவையே கருவியாக வைத்து எது காரணம், எது விளைவு என்று பார்க்கும் மெண்டலிய ஆய்வுகளும் வந்திருக்கின்றன. ஈறு நோய்க்கான மரபணு உள்ளவர்களுக்குச் சர்க்கரை கூடுகிறதா என்று பார்த்தவற்றில் பெரும்பாலானவை வலுவான தொடர்பைக் காட்டவில்லை. கையில் இருக்கும் ஈறு நோய் மரபணு அடையாளங்களே சொற்பமும் பலவீனமுமாக இருப்பதால், இதை வைத்துத் தொடர்பே இல்லை என்று தீர்ப்பு எழுதக்கூடாது. பரம்பரை மட்டுமே இரண்டையும் கட்டிவைத்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு இவை ஆதரவாக இல்லை என்று சொல்லலாம்.

மரபணு என்றாலே அப்பா அம்மாவிடமிருந்து வந்தது என்று நினைக்கிறோம். வயதாக ஆக, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களில் புதிதாக மரபணு மாற்றங்கள் விழுவதும் உண்டு. அவற்றில் அடிக்கடி காணப்படுவது டிஎன்எம்டி3ஏ என்ற மரபணுவில் விழும் மாற்றம். 2024-ல் வெளிவந்த ஒரு ஆய்வு, இந்த மாற்றம் உள்ள முதியவர்களுக்கு ஈறு நோய் அதிகம் என்று கண்டது. எலிகளுக்கு அதே மாற்றத்தைக் கொடுத்தபோது எலும்புக் கரைவும் மூட்டு அழற்சியும் கூடின. மஜ்ஜையிலேயே எரிச்சல் பிடித்த வெள்ளையணுக்கள் உருவாகி உடம்பெங்கும் போகின்றன என்றால், ஈறு, மூட்டு, ரத்தக்குழாய் என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் தொல்லை வருவது புரிகிறது. அடுத்த பத்தாண்டில் இந்தத் துறையில் நான் ஆவலோடு பார்த்துக்கொண்டிருப்பது இந்த வழியைத்தான்.

ஒற்றை மரபணுவால் ஈறு நோய் வருவதே இல்லையா? உண்டு, ஆனால் அபூர்வம். பாப்பியோன்-லெஃபேவர் நோயில் கதெப்சின்-சி என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகியிருக்கும். 1999-ல் இது கண்டறியப்பட்டது. குழந்தையின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துத் தோல் உரியும். பால் பற்கள் முளைத்த சில ஆண்டுகளிலேயே ஈறு சீழ்பிடித்து அவை உதிரும். பிறகு நிலைப் பற்களுக்கும் அதே கதி. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கும் குடும்பங்களில், இந்த மாதிரி இரண்டு பிரதியும் பழுதான நோய்கள் வர வாய்ப்பு கூடுதல். நான்கு வயதுக் குழந்தைக்கு அடிபடாமலே பல் ஆடி விழுந்தால், 'சீக்கிரம் விழுந்துவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது. மரபணுப் பரிசோதனைக்கு உண்மையான பயன் இருப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். உங்கள் அப்பாவுக்கு ஐம்பதில் விழுந்தது இந்த வகை அல்ல.

இப்போது உங்களுக்குச் செய்ய வேண்டியது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. நம்மவர்களுக்கு ஐரோப்பியர்களைவிட இளவயதிலும், அவ்வளவு பருமன் இல்லாமலும் இது வருகிறது. எனவே 33 வயது சீக்கிரம் என்று நினைக்க வேண்டாம். சென்னை மருத்துவர் வி. மோகன் குழு 2005-ல் உருவாக்கிய இந்தியச் சர்க்கரை அபாயப் புள்ளி முறை ஒன்று இருக்கிறது, மொத்தம் 100. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. உடற்பயிற்சியும் இல்லை, உடல் உழைப்பும் இல்லை என்றால் 30. இடுப்புச் சுற்றளவுக்கு 20 வரை. வயதுக்கு 30 வரை. 35-க்குள் இருப்பதால் உங்களுக்கு அதில் பூஜ்யம். 60-ஐத் தொட்டால் அதிக அபாயம். அம்மாவுக்குச் சர்க்கரை இல்லையென்றால், பரம்பரைக்காக உங்களுக்கு விழுவது 10 புள்ளிதான். இடுப்பும் உட்கார்ந்தே செய்யும் வேலையும் சேர்ந்து 50 வரை ஏற்றிவிட முடியும்.

முதல் பரிசோதனை ஹெச்பிஏ1சி, கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றலாம். அப்போது வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வார்கள்.

இரண்டாவது, ஈறை முறையாக அளப்பது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு 'கிளீனிங் பண்ணிக்கலாம்' என்று சொல்வது இதற்குப் போதாது. ஈறு சிறப்பு மருத்துவரிடம் போய், ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆழத்தை அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. 4-ம் அதற்கு மேலும் ரத்தத்தோடு இருந்தால் கவனிக்க வேண்டும்; 6 என்றால் எலும்பு கணிசமாகப் போயிருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும். புகை பிடிப்பவராக இருந்தால் ரத்தக் கசிவே தெரியாமல் நோய் உள்ளே ஓடும். ஆகவே ரத்தம் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. 2018 முதல் புழக்கத்தில் உள்ள சர்வதேச வகைப்பாட்டில், ஹெச்பிஏ1சி 7-ம் அதற்கு மேலும் இருந்தாலோ, நாளுக்குப் பத்து சிகரெட்டும் அதற்கு மேலும் பிடித்தாலோ, ஈறு நோய் மிக வேகமாகப் போகும் தரத்தில் வைக்கப்படுகிறது. மரபணு முடிவு எதற்கும் அந்த வகைப்பாட்டில் இன்னும் இடம் கொடுக்கவில்லை.

'பல் கிளீன் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும்' என்று வீட்டில் சொல்வார்கள். பல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும் காரை, உண்மையில் எலும்பைக் கரைத்தபடி அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்தபின் தெரியும் ஆட்டம் முன்பே இருந்தது. பயந்து தள்ளிப்போட்டவர்கள்தான் ஐம்பதில் கட்டுப்பல்லுக்கு வருகிறார்கள்.

ஈறு சிகிச்சையால் சர்க்கரை குறையுமா என்றால், கொஞ்சம் குறையும். 2013-ல் அமெரிக்காவில் 514 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு, குறையவில்லை என்று சொன்னது. அதில் ஈறு சிகிச்சைக்குப் பிறகும் ரத்தக் கசிவு நிறையப் பேருக்குத் தீரவில்லை என்ற விமர்சனம் நியாயமானது. 2022-ல் 35 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழுவின் தொகுப்பு, ஈறு சிகிச்சை பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி மூன்று நான்கு மாதத்தில் 0.43 புள்ளி குறைவாக இருந்ததாகக் கண்டது. ஒரு மாத்திரையைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு நெருங்கிய பலன் இது. ஆனால் மாத்திரைக்கு மாற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டு முடிவுகளும் கைக்கு வந்ததும் மாற்றிக் கொடுங்கள்: பல் மருத்துவரிடம் ஹெச்பிஏ1சி அறிக்கையையும், பொது மருத்துவரிடம் ஈறு அளவுத் தாளையும். நம் ஊரில் இந்த இரண்டு மருத்துவர்களும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வது அரிது, அந்த வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டியிருக்கும். உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கும், பெரியப்பா பிள்ளைகளுக்கும் இதே இரண்டு பரிசோதனைகள் பொருந்தும். ஈறில் 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்து சிகிச்சை எடுத்தால், மூன்று மாதம் கழித்து ஈறையும் ஹெச்பிஏ1சியையும் மறுபடி அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.